மடிப்பு

பிப்ரவரி. லுவான்ஷியாவில்
பதினோராம் நாளாக மழை விடவில்லை.
முதுகில் கட்டிவந்த பிள்ளையை அவிழ்த்து
மேசைமேல் குப்புறப் போட்டாள்.
ஏழு கட்டிகள்.
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசிமுனை அளவு கறுப்புத் துளை.
துளைக்குள்ளிருந்து ஏதோ எட்டிப் பார்த்து
மூச்சு வாங்கிக்கொண்டு
உள்ளே போனது.

"வேனற்கட்டி என்று நினைத்தேன்.
ராத்திரியில் அழுகிறான்.
உள்ளே யாரோ நடக்கிறார்களாம்."

மூன்று வயது. பெயர் லுபுட்டோ.
எங்கள் பெம்பாவில் வெளிச்சம் என்று அர்த்தம்.
மின்சாரம் காலையிலேயே போயிருந்தது.
டார்ச்சைத் தாயே பிடித்துக்கொண்டாள்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு.
வீட்டுச் சுகாதாரம்: நன்று, சுமார், மோசம்.
பேனா தானாகவே மூன்றாவதில் போய் நின்றது.
பழக்கதோஷம்.
"துணிமணியெல்லாம் துவைப்பதுண்டா?" என்று
முகம் பாராமல் கேட்டுவிட்டேன்.

எஸ்னார்ட் பதில் சொல்லவில்லை.
டார்ச்சைத் தன் கைமேல் திருப்பினாள்.
சோப்புநீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள்.
மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு
சுட்டுவிட்டுப் போன தழும்பு,
சின்னப் படகு மாதிரி.

சுரங்க எஞ்சினியர் வீட்டில் நாலு பேர்.
விரிப்பு, துவாலை, காலுறை, ஜட்டி,
கைக்குட்டைகூட விடக்கூடாது.
மழைக்காலத்தில் ஈரத்துணி தேடி வரும் ஈ,
முட்டை மடிப்பில்தான் ஒளிந்திருக்கும்,
சூடு படாவிட்டால் உடுத்தியவன் தோலுக்குள் குடிபுகும்.
இதையெல்லாம் எனக்கு அவள் சொன்னாள்.
நான் சொல்ல வைத்திருந்த பாடத்தை,
வரி பிசகாமல்.

"அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது" என்றாள்.
"எங்கள் வீட்டில் ஒரு மூட்டை கரி.
களி கிண்டவா, சட்டை தேய்க்கவா?"

சுத்தம் சோறு போடும்.
போட்டது, பொய் சொல்லக்கூடாது,
அடுப்புவரைக்கும் போட்டது.

வாசலின் தடவி
ஏழு வாசல்களையும் அடைத்தேன்.
காற்றில்லாமல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன,
வெள்ளையாய், கொழுத்து,
அவன் உண்ட களியை உண்டு.
இரண்டு விரலால் பிதுக்கும்போது
பையன் அம்மாவின் கட்டைவிரலைக் கடித்தான்.
அவள் கடிக்க விட்டாள்.
ஆறு.
ஏழாவது வரவேயில்லை.
அரைமணி நேரம் மூவரும் அதற்காகக் காத்திருந்தோம்,
தாமதமாகும் பேருந்துக்குப் போல.
அதுவும் வந்தது.

புழுத்துப் போவாய் என்று
இவனை யாரும் சபித்திருக்க முடியாது.
சபிக்கிற அளவுக்கு
யாருக்கும் இவனைத் தெரியாது.

மருந்து போட்டுக் கட்டி முடித்தபின்
அவள் அதே சட்டையை எடுத்தாள்.
வேறு சட்டை இல்லை என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
பிடுங்கி, இடுக்கி வேகவைக்கும் பாத்திரத்தில் போட்டு
மூடியை முறுக்கினேன்.
காஸ் அடுப்பு. இருபது நிமிடம்.
தலைமை நர்ஸ் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

வெந்து வந்தது சட்டை.
முட்டை செத்திருக்கும்.
ஆனால் சொட்டச் சொட்ட ஈரம்!
இந்த மழையில் எங்கே காயப்போட,
எந்த ஈ பார்க்காத இடத்தில்?

முட்டாளைப்போல் நின்றேன்.
எஸ்னார்ட் சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.
சட்டையைப் பிழிந்து உதறி
கொதிக்கும் மூடியின்மேல் விரித்தாள்.
கைத்துணியைச் சுருட்டிப் பிடித்து
அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.
முதலில் கழுத்துப்பட்டி.
அப்புறம் அக்குள்.
அப்புறம் உள்தையல், விரலால் பிரித்துப் பிரித்து,
ஓர் அங்குலம் விடாமல்.
நீராவி அவள் முகத்தை மறைத்தது.

படிவத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது.
மூன்று சொற்களையும் அடித்துவிட்டு
கரி என்று எழுதினேன்.
மாவட்ட அலுவலகத்தில் யாராவது
எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்துவார்கள்.

சட்டை காய்ந்துகொண்டிருந்தது.
வெற்று முதுகோடு
லுபுட்டோ தூங்கிப்போனான்,
அம்மாவின் கட்டைவிரலை விடாமல் பிடித்தபடி.
அவள் ஒற்றைக் கையால் தேய்த்தாள்.